எது அசைய வேண்டும்?

(செங்கல்பட்டில் ஓவியம் பயிலும் இளைஞர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாமல்லபுரத்துப் பெருந்தவச் சிற்பத்தை இந்த அரங்கில் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. பள்ளிச் சுற்றுலாவிலாவது அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற விவாதம் நூறாண்டாக நடக்கிறது. அதற்குள் நான் இன்று போகவில்லை. ஓர் இயற்கைக் காட்சியைக் கணினியில் வரைந்து அதை அசைய வைப்பது எப்படி என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். அதற்கு அந்தப் பாறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

சுமார் 90 அடி நீளப் பாறை. நூற்றுக்கும் மேற்பட்ட உருவங்கள். பெரிய யானைகள், அவற்றின் காலடியில் குட்டிகள், மான்கள், குரங்குகள், முனிவர்கள், பறந்து வரும் தேவர்கள், தவம் செய்யும் பூனை, அதை நம்பி அருகே நிற்கும் எலிகள். எல்லாம் கல். நடுவில் இயற்கையான ஒரு பிளவு. பாறையின் மேலே நீர் தேக்கும் அமைப்பின் அடையாளங்கள் இருக்கின்றன. அங்கிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தப் பிளவின் வழியாக ஆறாகவே ஓட விட்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. அப்படியானால் ஏழாம் நூற்றாண்டில் நம் கடற்கரையில் ஓர் இயற்கைக் காட்சி அசைந்துகொண்டிருந்தது. அதில் அசைந்தது ஒன்றே ஒன்று, தண்ணீர்.

மற்ற உருவங்களில் பெரும்பாலானவை அந்தத் தண்ணீரை நோக்கியே திரும்பியிருக்கின்றன. சிற்பி நம் கண்ணை எங்கும் அலைய விடவில்லை. பிளவுக்குள் நாகராசனும் நாகராணியும் கைகூப்பி மேல்நோக்கி நீந்துகிறார்கள். இங்கே என் ஊகம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தண்ணீர் அவர்கள் உடல்மீது கீழே வழிந்து ஓடும்போது, நின்ற இடத்திலேயே நிற்கும் அந்தக் கல் நாகங்கள் மேலே ஏறுவதாகக் கண்ணுக்குத் தோன்றியிருக்கும். நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து ரயில் நகர்ந்தால் நாமே நகர்வதாகத் தோன்றுகிறதே, அதே மயக்கம். அனிமேஷன்காரர்கள் இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். பாத்திரத்தை நடுவில் நிறுத்திவிட்டுப் பின்னணியை நகர்த்துகிறார்கள், பாத்திரம் நடக்கிறது.

இந்தச் சிற்பம் நம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். உங்கள் காட்சியில் எது அசைய வேண்டும்? அதற்கு விடை தெரியாமல் டேப்லெட்டைத் தொடாதீர்கள் என்று உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். கைபேசியில் வருகிற அசையும் இயற்கைப் படங்களைப் பாருங்கள். மரம் ஆடுகிறது, நீர் ஆடுகிறது, மேகம் ஓடுகிறது, புல் ஆடுகிறது, பூ ஆடுகிறது, பட்டாம்பூச்சி பறக்கிறது. எல்லாம் ஒரே வேகத்தில், ஒரே அளவில். இரண்டாவது நொடியில் கண் களைத்துவிடுகிறது. அந்தக் கடல் எந்த ஊர்க் கடல், அந்தக் காற்று எந்த மாதத்துக் காற்று என்று யாராலும் சொல்ல முடியாது. ஊரும் பொழுதும் இல்லாத இயற்கை எங்கேயாவது உண்டா? நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்று வைத்த மரபு நம்முடையது.

அதே பாறையில் இன்னும் இரண்டு உருவங்களைக் காட்டுகிறேன். பிளவின் அடியில், ஆற்றங்கரையில், குளித்து வந்த ஒருவர் ஈரத்துணியைப் பிழிகிறார். சற்றுத் தள்ளி ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் மூக்கைச் சொறிகிறது. இரண்டும் ஒரு கணம். ஆனால் அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது, நடக்கும் என்பது பார்த்தவுடன் நமக்குத் தெரிகிறது. துணி முறுக்கேறியிருக்கிறது, அடுத்த முறுக்கில் தண்ணீர் சொட்டும். மானின் கால் தூக்கியபடி இருக்கிறது, கீழே இறங்கும். கீ போஸ் என்று நாம் சொல்வது இதுதான். ஓர் அசைவு முழுவதையும் தனக்குள் வைத்திருக்கும் ஒற்றை நிலை. அதைக் கண்டுபிடித்துவிட்டால் இடையிலுள்ள படங்களை வரைவது உழைப்பு மட்டுமே. கண்டுபிடிக்காவிட்டால் நொடிக்கு 60 படம் வரைந்தாலும் உயிர் வராது.

இந்தியாவில் அனிமேஷன் முறையாகக் கற்பிக்கப்பட்ட கதையிலும் ஒரு மான் வருகிறது. 1956-இல் கிளேர் வீக்ஸ் என்பவர் மும்பையில் ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வந்தார். இந்தியாவில் பிறந்தவர், டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' படத்தில் வேலை செய்தவர். அவரிடம் பயின்ற நம் கலைஞர்கள் 1957-இல் 'தி பேனியன் டியர்' என்ற குறும்படத்தை உருவாக்கினார்கள். புத்த ஜாதகக் கதை. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, டிஸ்னி மானை அவர்கள் நகல் எடுக்கவில்லை, அஜந்தா ஓவியத்தின் கோட்டை எடுத்தார்கள் என்பது. அசைவின் இலக்கணம் வெளியிலிருந்து வந்தது, உருவம் இங்கிருந்து போனது. பின்னாளில் இந்திய அனிமேஷனின் தந்தை என்று போற்றப்பட்ட ராம் மோகன் ஃபிலிம்ஸ் டிவிஷனில்தான் தொழில் பழகினார்.

'பாம்பி' படத்தின் காடும் கவனிக்க வேண்டியது. 1942-இல் வந்த அந்தப் படத்தின் பின்னணிகளுக்கு வழிகாட்டியவர் டைரஸ் வாங் என்ற சீனத்தில் பிறந்த ஓவியர். காட்டின் ஒவ்வோர் இலையையும் வரைவதை விட்டுவிட்டு, மூடுபனிக்குள் சில மரங்கள், ஓர் ஒளிக்கற்றை என்று வரைந்து காட்டினார். பின்னணி அடங்கியதால் மானின் அசைவு தெரிந்தது. பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களிலிருந்து அவர் எடுத்த பாடம் அது. எதை வரையாமல் விடுவது என்பதும் ஒரு தீர்மானம்தான்.

சரி, நாம் ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். கடற்கரைக் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, மணல்மீது நின்று பார்க்கும் விடியற்காலை. பத்துப் பன்னிரண்டு நொடி ஓடும் படம்.

முதலில் எங்கே நிற்கிறோம் என்பது. நம்முடையது கிழக்குக் கடற்கரை, சூரியன் கடலிலிருந்து எழுகிறது. ஊர்ப்பக்கத்தில் நின்று பார்த்தால் கோயில் இருண்ட நிழலுருவம். கடலோரத்தில் நின்று திரும்பிப் பார்த்தால் அதே கோயிலின் கல்லில் பொன்வெளிச்சம் விழுகிறது. இரண்டும் வேறு வேறு படங்கள். இரண்டையும் கலக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. பின்னால் சூரியனையும் வைத்து, முன்னால் ஒளி விழுந்த கோபுரத்தையும் வைப்பார்கள்.

அடுத்து சூரியன். நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 12 பாகைக்குச் சற்று மேல். இங்கே சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழும். அடிவானத்தில் அதன் விளிம்பு தெரிந்ததிலிருந்து முழு வட்டமும் வெளியே வர இரண்டு நிமிடத்துக்குச் சற்று அதிகம் ஆகும். உங்கள் படம் பன்னிரண்டு நொடி. ஆகவே உங்கள் படத்தில் சூரியன் நகராது. நகர்த்தினால் அலையும் அதே விகிதத்தில் பறக்க வேண்டும், அது வேறு வகைப் படம். நிழலும் அப்படித்தான். நண்பகல் காட்சி வரைபவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்ட் பிற்பகுதியிலும் இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வரும், நிழல் காலடிக்குள் அடங்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்து வரைகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

பிறகு காற்று. காற்றைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை, எல்லா அசைவுக்கும் அதுதான் காரணமாக இருந்தும். பகலில் நிலம் சூடேறியதும் கடற்காற்று உள்ளே வரும். இரவெல்லாம் நிலம் குளிர்ந்துபோயிருப்பதால் விடியலில் பெரும்பாலும் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். அப்படியானால் நம் விடியற்காட்சியில் இலைகள் கடலை நோக்கிச் சாய வேண்டும். அலையின் உச்சியில் தெறிக்கும் நீர்த்துளி பின்னோக்கிக் கடல்பக்கம் பறக்க வேண்டும். படகில் ஒரு கொடி இருந்தால் அது கிழக்கே பறக்க வேண்டும். இந்த ஒன்றைச் சரியாகச் செய்தால், ஏன் என்று தெரியாமலேயே கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ இருக்கும் மீனவர் ஒருவர் உங்கள் படத்தைப் பார்த்து, இது காலை என்று சொல்லுவார்.

மரங்கள் எல்லாம் ஒரே மாதிரி ஆடுவதில்லை. பனைமரத்தின் உடல் அசையாது. அதன் விசிறி மட்டைகள் விறைப்பாக நின்று, நுனியில் மட்டும் படபடக்கும். தென்னையின் கீற்று மேலும் கீழும் நீண்டு ஊசலாடும், அடித்தண்டு முதலில் நகர்ந்து நுனி பிந்தி வரும். சவுக்கு அடியிலிருந்து சிறிது சிறிதாக வளைந்து, உச்சி வணங்கி, மெல்ல நிமிரும். அதன் இலைகளைத் தனித்தனியாக அசைக்க முயலாதீர்கள், ஒரு மொத்தப் புகையாக நகர்த்துங்கள். காற்று ஒரே நேரத்தில் எல்லா மரத்துக்கும் வருவதில்லை. அது வரும் பக்கத்து மரம் முதலில் அசையும், அடுத்தது சற்றுப் பின்னால். இந்தத் தாமதம் ஐந்தாறு ஃபிரேம் இருந்தாலே காற்று நடந்து போவது கண்ணுக்குத் தெரியும்.

பல்லவர் காலத்து மாமல்லபுரம் என்று வரைந்து அதில் சவுக்குத் தோப்பு வைத்த படங்களைப் பார்த்திருக்கிறேன். சவுக்கும் சீமைக் கருவேலமும் நம் கடலோரத்துக்கு வெகு பிற்காலத்தில் வந்தவை. மாமல்லன் காலத்துக் கரையில் பனையும் புன்னையும் தாழையும் நிற்கட்டும். மணலில் அடும்புக் கொடி படரட்டும். அந்தக் கொடி காற்றுக்கு அசையாது, மணலோடு ஒட்டிக் கிடக்கும். அதன் அருகே இராவணன் மீசைப் புல் இருக்கும். முற்றிய அதன் விதைப்பந்து கழன்று காற்றில் உருண்டு போகும். மணல்மேட்டில் அது துள்ளித் துள்ளி ஓடி, ஒரு பள்ளத்தில் தயங்கி, மறுபடி கிளம்பும். என்னைக் கேட்டால், நம் கடற்கரை அனிமேஷனுக்கு அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. இதுவரை அதை யாரும் வரைந்து நான் பார்க்கவில்லை.

இப்போது தண்ணீருக்கு வருவோம். இங்கே நான் சற்று அதிக நேரம் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கிறேன்.

ஆழ்கடலில் அலை ஓடுகிறது, தண்ணீர் ஓடுவதில்லை. ஒவ்வொரு துளியும் ஏறக்குறைய வட்டமாகச் சுற்றிப் பழைய இடத்துக்கே வருகிறது. கெர்ஸ்ட்னர் என்ற அறிஞர் 1802-இல் இதைக் கணிதமாக எழுதினார். கணினியில் கடல் வரைகிறவர்கள் இன்றும் அந்தச் சமன்பாட்டைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே தூரத்தில் நிற்கும் படகு அலையோடு கரைக்கு வந்துவிடாது. ஏறும், சற்று முன்னே சாயும், இறங்கும், பின்னே சாயும். அதே இடத்தில் நிற்கும்.

கரையை நெருங்கும்போது கதை மாறுகிறது. ஆழம் குறையக் குறைய அலையின் வேகம் குறைகிறது, உயரம் கூடுகிறது. நீரின் ஆழம் அலை உயரத்தின் ஒன்றேகால் மடங்கு அளவுக்கு வந்ததும் அது உடைகிறது. உடைந்த பிறகு நடப்பதைத்தான் நீங்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நுரை விளிம்பு மணலில் வேகமாக ஏறும். ஏற ஏறத் தளரும். உச்சியில் ஒரு கணம் நிற்கும். பிறகு இறங்கும்போது முதலில் தயங்கி, போகப்போக வேகம் எடுக்கும். ஏறுவது ஒரு வேகக்கோடு, இறங்குவது வேறொன்று. இரண்டையும் ஒன்றாக வைத்தால் அலை எந்திரத்தில் கட்டிய திரையாகிவிடும். மேலும், நீர் இறங்கும்போது நுரை முழுவதும் அதோடு போவதில்லை. வலையாகக் கிழிந்து கொஞ்சம் மணலிலேயே தங்கி வற்றும். நீர் போன மணல் வானத்தைக் காட்டும் கண்ணாடியாகி, மேலேயிருந்து கீழாக மங்கிக்கொண்டே வரும். இந்த மங்கல்தான் உண்மையான கடற்கரையின் கையெழுத்து. கோயில் படத்தில் அசைய வேண்டியது என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்.

அலை கரைக்கு நேராக வருவதும் அரிது. தென்மேற்குப் பருவத்தில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும், வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து. கரையோர நீரோட்டமும் அதற்கேற்பத் திசை மாறும். தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும் இந்தக் கரை மீனவர்கள் சொல்வார்கள். நுரை எந்தப் பக்கமாகச் சறுக்குகிறது என்று வரைந்தாலே மாதத்தைச் சொல்லிவிடலாம். இந்த அறிவு நூலகத்தில் கிடைப்பதைவிடக் குப்பங்களில் அதிகம் கிடைக்கும். வலை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவரிடம் மரியாதையாக, "ஐயா, இன்னைக்கு வெள்ளம் எந்தப் பக்கம்?" என்று, நீரோட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். சொல்லித் தருவார்.

இனி, இந்த அசைவுகளை ஒன்றாகச் சேர்ப்பது. வெவ்வேறு ஆழத்தில் உள்ளவற்றைத் தனித்தனி அடுக்கில் வரைந்து வெவ்வேறு வேகத்தில் நகர்த்துவது பழைய முறை. ஜெர்மனியில் லோட்டே ரெய்னிகர் 1926-இல் தன் நிழலுருவப் படத்துக்குக் கண்ணாடி அடுக்குகளைப் பயன்படுத்தினார். டிஸ்னியின் 'தி ஓல்டு மில்' 1937-இல் மல்டிபிளேன் கேமராவைக் கொண்டு வந்தது. அந்தப் படத்தில் கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பழைய காற்றாலை, அதில் தங்கிய பறவைகள், ஓர் இரவுப் புயல், அவ்வளவுதான். இயற்கைக் காட்சியே கதையாக முடியும் என்று காட்டிய படம். நம் மென்பொருளில் உள்ள லேயர் அந்தக் கண்ணாடிதான்.

லூப் செய்யும்போது ஒரு சிறு கணக்கு உதவும். அலைக்கு 7 நொடிச் சுற்று, தென்னைக்கு 5 நொடிச் சுற்று, மேகநிழலுக்கு 11 நொடிச் சுற்று என்று வைத்துத் தனித்தனியே ஓட விட்டால், மூன்றும் தொடங்கிய நிலைக்கு ஒன்றாகத் திரும்ப 385 நொடி ஆகும். அதாவது ஆறு நிமிடத்துக்கு மேல் ஒரே காட்சி இருமுறை வராது. செயலியிலோ விளையாட்டிலோ லேயர்கள் தனியே ஓடும் இடத்தில் இதைச் செய்யலாம். ஒரே கோப்பாக வெளியிட வேண்டுமானால் மொத்த நீளத்தை வகுக்கும் எண்களை எடுங்கள். 12 நொடிக் கோப்பு என்றால் 12, 6, 4, 3.

ஜிஃப் கோப்பாக வெளியிடுவோர் கவனிக்க வேண்டியது ஒன்று. 1987-இல் வந்த வடிவம் அது, ஒரு ஃபிரேமுக்கு 256 நிறம்தான். விடியல் வானத்தின் மெல்லிய நிறமாற்றம் அதில் படிப்படியாக வெட்டுப்படும். வானத்துக்குச் சற்றே மணல் தூவியதுபோல் புள்ளியிடும் பிரஷ் பயன்படுத்துங்கள், அல்லது வீடியோவாக வெளியிடுங்கள்.

கடற்கரையை விட்டு உள்ளே வேடந்தாங்கலுக்குப் போவோம். நம் மாவட்டத்தின் பெரும் செல்வம் அது. ஏரிக்கு வரும் பறவைகளைச் சுட்ட சிப்பாய்களைப் பற்றி ஊர் மக்கள் முறையிட, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் அந்த ஏரிக்குப் பாதுகாப்பு கொடுத்தார் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

பறவைக் கூட்டத்தைக் கணினியில் பறக்க வைக்க ஒரு புகழ்பெற்ற வழி உண்டு. கிரெய்க் ரெனால்ட்ஸ் 1986-இல் உருவாக்கியது. மூன்று விதிகள்தான். பக்கத்துப் பறவையோடு மோதாதே, பக்கத்தவர் போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை விட்டு விலகாதே. இந்த மூன்றால் ஒரு கூட்டமே உயிர் பெறுகிறது. அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் அதை மட்டும் வைத்து வேடந்தாங்கலின் மாலையை வரைய முடியாது. அங்கே வருவது ஒரே கூட்டம் அல்ல. பல இனங்கள், பல உயரங்கள், பல வேகங்கள், எல்லாம் ஒரே ஏரியின் நீர்க்கடம்பு மரங்களில் தங்கள் இடம் தேடி இறங்குகின்றன.

இனம் பிரித்து வரைய முதலில் கழுத்தைப் பாருங்கள். கொக்கும் வக்காவும் கூழைக்கடாவும் கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் ஆகியவை கழுத்தை முன்னே நீட்டிப் பறக்கும். நீட்டிய கழுத்தோடு கொக்கு வரைந்தால் ஏரிக்கரையில் மாடு மேய்க்கும் சிறுவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான். அடுத்து சிறகடி. நீர்க்காகம் ஓயாமல் அடித்துக்கொண்டே போகும். கூழைக்கடா சில முறை அடித்து, பிறகு சிறகை விரித்து மிதக்கும். வரிசையாகப் போகும்போது முன்னால் போவது அடிப்பதை நிறுத்தினால், பின்னால் வருபவை ஒவ்வொன்றாக நிறுத்தும். அந்த நிறுத்தம் வரிசையில் முன்னிருந்து பின்னாகப் பயணம் செய்வதை வரைந்து பாருங்கள். ஐந்து பறவை போதும். ஐந்நூறு வேண்டாம்.

கடைசியில் இறக்கம். கால் முன்னே நீள்கிறது, சிறகு குவிந்து காற்றைத் தடுக்கிறது, கிளையைப் பற்றுகிறது. கிளை கனத்துக்குத் தாழ்ந்து, மேலெழுந்து, மறுபடி சிறிது தாழ்ந்து அடங்குகிறது. அருகில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் பறவை தன் நிலையைச் சரிசெய்துகொள்கிறது. பறவையின் எடையைக் காட்டுவது பறவை அல்ல, கிளை. டிஸ்னியின் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிய நூலில் பன்னிரண்டு அனிமேஷன் விதிகளை வகுத்தார்கள். அதில் பாதியை வேடந்தாங்கலின் ஒரு கிளையில் ஒரு மாலைக்குள் பார்த்துவிடலாம்.

பங்குனி ஆமையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கரையைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ஜனவரி தொடங்கி மார்ச் வரை அவை முட்டையிட நம் மணலுக்கு வருகின்றன. குஞ்சுகள் பளிச்சென்ற வெயிலில் கடலுக்கு ஓடும் படங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் அவை வெளிவருவது இரவில். வெளிச்சம் கூடிய அடிவானம்தான் கடல் என்று நம்பி ஓடுகின்றன, கரையில் நாம் போட்ட விளக்குகள் அவற்றை ஊருக்குள் இழுத்துக் கொல்கின்றன. நீங்கள் வரையும் படத்தில் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். தாய் ஆமை மணலில் ஏறும்போது வலது முன்துடுப்பும் இடது பின்துடுப்பும் சேர்ந்து நகரும், அடுத்து மற்ற இரண்டும். பச்சை ஆமை அப்படி நடக்காது, இரு துடுப்புகளையும் ஒன்றாக வீசி உடலை இழுக்கும். முட்டையிட்டுக் குழியை மூடிய பிறகு பங்குனி ஆமை தன் உடலை இடமும் வலமுமாகச் சாய்த்து மணலை அடித்து இறுக்கும். தடாரென்ற ஒலி கேட்கும். அந்த அசைவை ஒரு முறை சரியாக வரைந்துவிட்டால் அந்த உயிர்மீது உங்களுக்கு வேறொரு பொறுப்பு வந்துவிடும். எனக்கு வந்தது.

கருவிகளைப் பற்றிப் பலர் கேட்பீர்கள். பணம் இல்லை என்பதற்காக யாரும் பின்வாங்க வேண்டாம். கிருதா என்ற வரைமென்பொருள் இலவசம், 2016 முதல் அதில் அனிமேஷன் வசதியும் இருக்கிறது. ஓப்பன்டூன்ஸ் இலவசம். பிளெண்டர் இலவசம். லாட்வியா நாட்டின் 'ஃப்ளோ' என்ற படம் பிளெண்டரில் உருவாகி 2025-இல் ஆஸ்கர் வாங்கியது. வசனமே இல்லாத அந்தப் படத்தின் மையம் ஒரு பூனையும் வெள்ளமும்தான். ஒரு சாதாரணப் பேனா டேப்லெட்டும் பழைய கணினியும் உங்களுக்குப் போதும்.

ஒரு படத்தைக் கொடுத்தால் தானே அசைத்துத் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளையும் கேட்பீர்கள். நான் பார்த்தவரை அவை கொடுப்பது எல்லாக் கடல்களின் சராசரியை. விடியலில் காற்று கடலுக்குப் போகும் என்பதும், மாமல்லபுரத்தில் நுரை எந்த மாதம் எந்தப் பக்கம் சறுக்கும் என்பதும் அந்தச் சராசரியில் கரைந்துபோகின்றன. அவசரத்துக்கு அவை உதவலாம். ஆனால் மணலில் உட்கார்ந்து பார்க்கும் வேலையை அவற்றிடம் விட்டுவிட்டால், உங்களுக்குப் பார்க்கவே வராமல் போகும். எனக்குள்ள கவலை அதுதான். ஓவியர் சில்பி கோயில் தலங்களில் நேரில் உட்கார்ந்து கோடு கோடாக வரைந்தார். ஆனந்த விகடனில் அந்த ஓவியங்கள் வந்தபோது தமிழ்நாட்டில் கோயிலைப் பார்க்கும் கண்ணே மாறியது. அந்த உட்கார்தலுக்கு மாற்று கிடையாது.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய பயிற்சியைச் சொல்லி முடிக்கிறேன். மாமல்லபுரமோ கோவளமோ, உங்களுக்கு எட்டும் கரைக்குப் போங்கள். கடல் தூரம் என்றால் கொளவாய் ஏரிக்கரையே போதும். கைபேசியை ஓரிடத்தில் அசையாமல் நிறுத்தி நீர்விளிம்பைப் படம் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து அதை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். பிறகு வீடியோவை மூடிவிட்டு, கிருதாவில் நொடிக்கு 24 ஃபிரேம் வைத்து, இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படமாக, நீரின் விளிம்புக்கோட்டை மட்டும் வரையுங்கள். ஆனியன் ஸ்கின்னை இயக்கி முந்தைய கோட்டைப் பார்த்துக்கொண்டே அடுத்ததைப் போடுங்கள். எட்டு நொடிக்கு 96 கோடு. வண்ணம் வேண்டாம், வானம் வேண்டாம், கோயில் வேண்டாம். படத்தின் மூலையில் தேதி, நேரம், காற்று வந்த திசை மூன்றையும் எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அவரவர் கோட்டை அருகருகே ஓட விட்டு, எது எந்தக் கரை என்று பெயரைப் பார்க்காமல் கண்டுபிடிக்க முடிகிறதா என்று சேர்ந்து பார்ப்போம்.